மேரி வர்கீஸ் அம்மையாரும் மருத்துவத்தின் நான்காம் கூறும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குக் கற்பித்து வருகிறேன். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிருந்து பணி செய்பவன் என்பன அந்நான்கும். உரை செய்த பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துரைத்தார். முதல் மூன்றையும் வகுப்பிலே விரித்துரைப்பேன். நான்காவதற்கு வரும்போது பாடவேளை முடியும் தறுவாயில் இருக்கும். ஏவலாள் என்று ஒரு சொல்லிற் பொருள் கூறிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவேன். அது எத்துணைப் பெரிய பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர் இருவர். ஒருவர் என்னைப் பெற்ற அன்னையார். மற்றவரை நான் நேரிற் கண்டதில்லை. அவர் வேலூரில் வாழ்ந்து 1986 ஆம் ஆண்டில் மறைந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார். அவ்வம்மையாரின் வரலாற்றைச் சொல்வதே என் நோக்கம். எனினும் அதனை நான் தேடிச் செல்ல நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும்.

என் அன்னையார் ஊவாவின் தேயிலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். பண்டாரவளை நகரிலிருந்து சில கல் தொலைவிலே, மலைச்சரிவில் அமைந்த லயமொன்றிலேதான் நான் பிறந்தேன். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, தலையிற் கயிறு மாட்டிய கூடையோடு மலையேறி, இரு கைவிரல்களும் ஒருசேர இயங்கக் கொழுந்து பறித்து என்னைப் பண்டிதனாக்கியவர் அவர். 2008 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒருநாட் காலை அவரைப் பாரிசவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. நாவும் குழறியது. வைத்தியசாலையில் உயிரைக் காத்துத் தந்தார்கள். நகரின் ஓரத்திலுள்ள என் இல்லத்துக்கு அவரைக் கொண்டுவந்தேன். தெருவிலிருந்து வீட்டுக்கு நாற்பது படிகள். நாற்காலியில் இருத்தி நால்வர் சுமந்து ஏறினோம்.

எங்கள் அன்புக்கு ஒரு குறைவும் இல்லை. புதிய மெத்தை வாங்கினோம். மலைக்குளிர் தாக்காதிருக்கக் கம்பளி போர்த்தினோம். உணவை நாங்களே ஊட்டினோம். உறங்குபவரை எழுப்புதல் பாவம் என்றெண்ணி மணிக்கணக்காக மல்லாந்தபடியே கிடக்க விட்டோம். மூன்றாம் வாரத்தில் உடைமாற்றும்பொழுது என் மனைவியார் முதுகெலும்பு முடியுமிடத்திலே ஒரு தடத்தைக் கண்டார். வியர்க்குரு என்று நினைத்து மாவு தூவினோம். அத்தடம் சில நாட்களில் கறுத்தது. பின்பு உடைந்து பள்ளமாயிற்று. பதுளை வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே முதிய தாதியொருவர் புண்ணைப் பார்த்தார்; பின்பு எங்களைப் பார்த்தார். அவர் சிங்களம் பேசுபவர். என் அன்னையாரை அவரும் அம்மே என்றே அழைத்தார். எங்களை அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுவரிலிருந்த மணிக்கூட்டைச் சுட்டிக் காட்டி, இரண்டு விரல்களை உயர்த்தினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த இரு விரல்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றிரவு வீடு திரும்பிப் பரிமேலழகரை எடுத்துப் பார்த்தேன். அருகிருந்து பணி செய்பவனுக்கு அவர் வகுத்த இயல்புகளில் முதலாவது நோயாளியிடத்து அன்பு. அதன்பின் மனமும் மொழியும் மெய்யும் தூயனவாதல், சொல்லியதை அவ்வாறே செய்யும் வன்மை என்பவற்றைக் கூறி, இறுதியில் அறிவுடைமையை வைத்தார். என்னிடம் முதலாவது இருந்தது, இறுதியானது இல்லை. அன்பு மாத்திரம் உடையவனாக இருந்து என் தாயின் முதுகிலே நானே புண்ணை வளர்த்தேன். பிற்பாடு, சிகிச்சைக்காக வேலூர் சென்று மீண்ட முன்னாள் அதிபர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். அன்னையாரின் நிலையைக் கண்டு ஆறுதல் கூறியவர், இடுப்பின் கீழ் முற்றாகச் செயலிழந்த பின்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் மருத்துவராக வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். அந்நாள் முதலாக அவ்வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

வேலூரிலே

மேரி வர்கீஸ் 1925 ஆம் ஆண்டிலே கேரளத்தின் கொச்சியிற் பிறந்தார். வசதியும் செல்வாக்கும் வாய்ந்த குடும்பம். உடன்பிறந்தோர் பலர். மருத்துவம் பயிலும் விருப்போடு தமிழகத்தின் வேலூரிலுள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அவ்வூரின் மருத்துவப் பெருமைக்கு வித்திட்டவர் ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1900 ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கிய சிறு மருந்தகமே பின்னாளில் ஆலமரமாயிற்று. அதன் வளர்ச்சி முறையில் ஒன்று நம் கருத்துக்குரியது. அங்கே தாதியர்க்கான பள்ளி 1909 இல் தோன்றியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918 இலேதான் தோன்றியது. மருத்துவரைப் பயிற்றுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே அருகிருந்து பணி செய்வோரைப் பயிற்றத் தொடங்கிவிட்டார்கள். 1946 இல் தாதியியல் அங்கே பட்டப்படிப்பாகவும் உயர்ந்தது. நான் வகுப்பிலே ஒரு சொல்லிற் கடந்த நான்காம் கூறு, வேலூரில் அடித்தளமாகவே இருந்தது.

மேரி வர்கீஸ் அங்கே பட்டம் பெற்று இளமருத்துவராகப் பணியேற்றார். 1954 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடன் பணியாற்றிய மருத்துவர்களோடு ஓர் உல்லாசப் பயணம் புறப்பட்டார். வழியில் மோட்டார் வண்டி நிலைதவறிப் புரண்டது. அவ்விபத்தில் அவருடைய முகம் ஆழமாகக் கிழிபட்டது. அதன் வடு இறுதிவரை இருந்தது. அதனினும் கொடியது முதுகிலே நேர்ந்த சேதம். முள்ளந்தண்டினூடு செல்லும் முண்ணாண் சிதைந்தமையால், இடுப்பின் கீழ் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்பொழுது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. பிறர் நோயைத் தீர்க்கக் கற்றுத் தேர்ந்தவர், தம்மைத் தாமே திருப்பிக்கொள்ளவும் இயலாதவராக அதே வைத்தியசாலையிற் கிடந்தார். வள்ளுவர் வகுத்த இரண்டாம் கூறிலிருந்து முதலாம் கூறுக்கு ஒரே நாளில் அவர் தள்ளப்பட்டார்.

அக்காலத்தில் இத்தகைய சேதத்துக்கு உலகம் என்ன விடை வைத்திருந்தது என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். முதலாம் உலகப் போரிலே முண்ணாண் சிதைந்த போர்வீரரிற் பெரும்பாலோர் நெடுங்காலம் வாழவில்லை. முண்ணாணிற் பட்ட காயத்தைவிடப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த்தொகுதியில் ஏற்பட்ட கிருமித்தொற்றுமே அவர்களுட் பலரைக் கொன்றன. இவ்விதியை மாற்றியவருள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். யூதரான அவர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் இங்கிலாந்து சேர்ந்த நரம்பியல் மருத்துவர். 1944 இல் ஸ்டோக் மண்டவில் என்னுமிடத்தில் முண்ணாண் சிதைந்தோர்க்கெனத் தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறைகளுள் முதன்மையானது மிக எளியது. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டுவித்தார். நள்ளிரவில் தாமே சென்று அது நடைபெறுகின்றதா என்று பார்ப்பார். புண்கள் ஆறின, இளைஞர் பிழைத்தனர். பிழைத்தோரை வெறுமனே படுக்கையில் விட்டுவைக்கவும் அவர் உடன்படவில்லை. 1948 ஜூலை 29 ஆம் நாள் இலண்டனிலே ஒலிம்பிக் விழா தொடங்கிய அன்றே, சக்கரநாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரைக் கொண்டு விற்போட்டி நடத்தினார். இன்று உலகறிந்த பராலிம்பிக் விளையாட்டு விழாவின் வித்து அதுவேயாகும். பதுளைத் தாதியார் உயர்த்திக் காட்டிய இரு விரல்களின் பின்னால் இத்துணை நீண்ட வரலாறு இருந்தது.

வலி என்னும் காவலன்

மேரி அம்மையாரின் உடலைச் சீர்செய்தவர் போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். ஆங்கிலப் பெற்றோருக்கு 1914 ஆம் ஆண்டிலே, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையிற் பிறந்தவர். தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அரிய சிகிச்சையை வேலூரில் வளர்த்தவர் அவரே. அவர் கண்டறிந்த உண்மையொன்று இக்கட்டுரைக்கு உயிரானது. தொழுநோயாளரின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் உற்று நோக்கியபோது வேறொன்று புலப்பட்டது. நரம்பு கெட்டமையால் அவர்களுக்கு வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைப் பற்றியிருக்கும் கை அதை விடுவதில்லை. முள் தைத்த கால் நொண்டாமல் நடக்கிறது. புண் ஆறுவதற்கு முன் மீண்டும் மீண்டும் காயப்படுகிறது. சிதைவின் பெரும்பகுதி இவ்வாறு வலியின்மையால் வருவதேயாம். வலி என்பது பகைவனன்று. உடம்பைக் காக்கும் காவலன்.

இவ்வுண்மை படுக்கையிற் கிடப்பவர்க்கும் அப்படியே பொருந்தும். நாம் உறங்கும்போது ஓர் இரவிற் பலமுறை புரளுகிறோம். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் நசுங்கும் தோலுக்குக் குருதி செல்லாதபோது அத்தோல் நோவெடுத்து நம்மைத் திருப்பிவிடுகிறது. உணர்ச்சி இழந்தவனுக்கு அந்நோவு தெரியாது. அசைவு மாத்திரம் இழந்தவனுக்கு நோவு தெரியினும் திரும்ப வலிமை இல்லை. நாக்குழறியவனுக்கு அதனைச் சொல்லவும் வழியில்லை. நோய்நிலையை உணர்த்துதல் நோயாளியின் இயல்புகளுள் ஒன்று என்று பரிமேலழகர் சொன்னார். உணர்த்தும் ஆற்றலை உடலே இழந்துவிட்டால் அதன் பொருட்டு உணர்ந்து நடப்பவர் ஒருவர் வேண்டும். அவரே அருகிருந்து பணி செய்பவர். ஏவியதைச் செய்யும் ஆள் என்று இவரைக் கூறுதல் போதாது. இழந்துபோன வலியின் இடத்தில் நின்று காவல் புரிபவர் இவர்.

மேரி அம்மையார் முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைத் தாங்கினார். நீண்ட மாதங்கள் கழிந்தபின் நிமிர்ந்து அமரவும், சக்கரநாற்காலியில் இருக்கவும் இயன்றது. இனி என்ன செய்வது என்னும் வினா எழுந்தது. அவருடைய மதி தெளிவாக இருந்தது. கைகள் இரண்டும் நலமாக இருந்தன. கைகளுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதைப் பிராண்ட் அவருக்கு எடுத்துக் காட்டினார். அம்மையார் அதனைக் கற்றார். சக்கரநாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய கைகளை நிமிர்த்தும் சிகிச்சைகளைச் செய்யலானார்.

அக்காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேசைமேல் நீட்டிய கையிலே உணர்ச்சி இல்லை. அதனைச் சீர்செய்பவரின் கால்களிலும் உணர்ச்சி இல்லை. வலியென்னும் காவலனை இழந்த இருவர் எதிரெதிரே இருந்தனர். ஊராரால் ஒதுக்கப்பட்ட அந்நோயாளர், தம்மினும் அதிகம் இழந்த ஒருவர் தமக்குத் தொண்டு செய்வதைக் கண்டு நெஞ்சுரம் பெற்றனர். உடம்பின் ஒரு பகுதியை இழந்தவர்க்கு எஞ்சியது எவ்வளவு என்பதை அவர் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய தோற்றமே அதைச் சொல்லிற்று.

இரு நாடுகளிற் பெற்ற கல்வி

இவ்வளவோடு அமைந்திருந்தாலும் அவர் புகழுக்குரியவரே. ஆயினும் அவருடைய உள்ளத்திலே மற்றொரு கேள்வி இருந்தது. தமக்குக் கிடைத்த பராமரிப்பு, மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்த ஓர் ஏழை உழவனுக்குக் கிடைக்குமா? உயிர் பிழைத்து ஊர் திரும்பும் அவன் திண்ணையிற் புண்ணோடு கிடந்து சாவதே அன்றைய இந்தியாவில் வழக்கமாக இருந்தது.

முதலில் அவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்றார். அங்கே முண்ணாண் சிதைந்தோர்க்கான புனர்வாழ்வுப் பயிற்சியைத் தாமே பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் பிறர் உதவியின்றி மாறுதல், தம் உடலைத் தாமே பேணுதல் முதலியன இப்பயிற்சியின் அரிச்சுவடியாகும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலை உயர்த்தி, அழுந்திய தோலுக்குக் குருதி பாய விடுதலும் அதில் ஒரு பாடம். மருத்துவராகிய அவர், தம் உடலையே ஏடாகக் கொண்டு அரிச்சுவடி பயின்றார்.

பின்னர் உலகப் புனர்வாழ்வு நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் நியூயோர்க் நகருக்குச் சென்றார். அங்கே ஹவார்ட் றஸ்க் என்பவர் புனர்வாழ்வு மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்து வந்தார். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற விமானப்படை வீரரை அவர் கவனித்தவர். காய்ச்சல் தணிந்து காயம் ஆறியதோடு வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. நோயாளி தன் வீட்டிலும் தொழிலிலும் மீண்டும் இடம்பெறும்போதே அது முடிகிறது என்பது அவர் கொள்கை. அத்துறையிலே தேர்ச்சி பெற்ற மேரி அம்மையார் 1962 இல் தாயகம் மீண்டார்.

1963 ஆம் ஆண்டு வேலூரிலே உடலியல் மருத்துவம், புனர்வாழ்வு என்னும் துறைக்குத் தலைமையேற்றார். 1966 இல், கல்லூரி வளாகம் அமைந்த பாகாயத்தில், நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்திய நாட்டிலே இத்தகைய நிலையங்களுக்கு அதுவே முன்னோடியாயிற்று. 1972 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986 இல் அவர் மறைந்தார். அந்நிலையமோ இன்றும் பணியாற்றுகின்றது.

1954 இலிருந்து 1986 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள். இந்த எண்ணை ஆசிரியர்கள் மாணாக்கர்க்குச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நெடுங்காலத்தின் ஒவ்வொரு நாளும் அவருடைய தோல் காக்கப்பட்டது, சிறுநீர்த்தொகுதி காக்கப்பட்டது, மூட்டுகள் இறுகாமல் இயக்கப்பட்டன. முதலிற் பிறர் கைகள் அதனைச் செய்தன. பின்பு இயன்றவற்றை அவர் கைகளே செய்தன. விருதுகளைப் பற்றி எழுதுவோர் பலர். விருதைப் பெறும்வரை உடலைக் காத்த கைகளைப் பற்றி எழுதுவோர் சிலரே.

நம் இல்லங்களில்

அம்மையாரின் வரலாற்றிலிருந்து நான் கற்றவை இரண்டு. நோயாளியால் இயலாததை நேரம் தவறாது அவருக்குச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. அவரால் இயன்றதை அவருக்காகச் செய்துவிடலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டில் முதலாவது தவறினால் உடல் அழியும். இரண்டாவது தவறினால் உள்ளம் அழியும்.

முதலாவதைப் பற்றிச் சில சொல்வேன். நம் மலைநாட்டு இல்லங்களிலே பெரும்பாலும் மகளோ மருமகளோ பேரப்பிள்ளையோதான் தாதியாக நிற்கின்றனர். அவர்கள் அறிய வேண்டியவை கடினமானவை அல்ல. புரட்டும்போது இழுக்காமல் தூக்கிப் புரட்ட வேண்டும். இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும். பக்கவாட்டிற் படுக்க வைக்கும்போது இடுப்பெலும்பின்மேல் முழுப்பாரமும் விழாதவாறு முதுகின் பின்னே தலையணை கொடுத்துச் சற்றே சாய்க்க வேண்டும். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் படுக்கையில் அழுந்தாமற் செய்ய வேண்டும். விரிப்பிற் சுருக்கம் இருத்தலாகாது. ஈரம் இருத்தலும் ஆகாது. முதுகின் அடி, இடுப்பின் இருபுறம், குதிக்கால், கணுக்கால், தோள்பட்டை, பிடரி ஆகிய இடங்களைக் காலையும் மாலையும் நோக்க வேண்டும். நம்மவரின் கருநிறத் தோலிற் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. ஆகவே சூடு, கடினம், நிறமாற்றம் ஆகியவற்றைக் கைதொட்டு அறிய வேண்டும். அத்தகைய இடத்தைத் தேய்த்துவிடும் பழைய வழக்கத்தையும், நடுவே துளையுள்ள வட்டத் தலையணையையும் இன்றைய மருத்துவம் விலக்கிவிட்டது. அங்கே பாரம் படாதிருக்கச் செய்வதே மருந்து. நன்மெத்தை துணை செய்யும்; ஆனால் மெத்தை இருக்கிறது என்று புரட்டுதலை விட்டுவிடலாகாது. முட்டை, பருப்பு, மீன் முதலிய புரதவுணவு புண் ஆறுவதற்கு வேண்டும். உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்தவேண்டும்; இல்லையேல் மூச்சுக்குழலில் உணவு இறங்கிவிடும்.

பண்டாரவளைக்கெனத் தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள நம் ஊரிலே மார்கழிக் குளிர் எலும்பைத் துளைக்கும். கிடப்பவரின் கால் சில்லிட்டிருக்கக் கண்டு சுடுநீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி வைப்பது நம்மவர் வழக்கம். உணர்ச்சியற்ற காலுக்கு அது நெருப்பாகும். வெந்து கொப்புளித்த பின்னும் அவர் முகம் சுளிக்கமாட்டார். காலுறையும் கம்பளியுமே போதும்.

லயங்களின் நிலையையும் சொல்லாமல் விடலாகாது. ஒரு காம்பிராவில் ஐவரும் அறுவரும் உறங்குமிடத்தில் நோயாளிக்குக் கட்டிலிட இடமேது? மலைச்சரிவிலே படிகளுக்குப் பழகிய பாதையிற் சக்கரநாற்காலி எவ்வாறு உருளும்? கழிப்பிடம் தொலைவில் இருந்தால் அவர் எவ்வாறு செல்வார்? ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையிற் பயிற்சி பெற்று ஊர் மீளும் ஒருவன், நாற்காலியோடு வந்து, அது நுழையாத வாசலின் முன் நின்றுவிடுகிறான். பெற்ற பயிற்சி அவ்வாசலோடு முடிந்துபோகிறது. புதிய வீடுகள் கட்டப்படும் இக்காலத்தில் வாசலைச் சிறிது அகலமாக்குதலும், ஒரு சாய்தளம் அமைத்தலும் பெருஞ்செலவாகா. மருத்துவத்துக்கு ஐந்தாவதாக ஒரு கூறைச் சேர்க்க எனக்கு உரிமை இருக்குமாயின், வீட்டு வாசல் என்பேன்.

இனி இரண்டாவது. என் அன்னையாருக்கு நாங்கள் ஊட்டிவந்தோம் என்றேன் அல்லவா? அதனையும் அத்தாதியாரே நிறுத்தினார். புண்ணுக்கு மருந்து கட்டச் சென்ற ஒருநாளில், என் மனைவியாரின் கையிலிருந்த கரண்டியை வாங்கி அன்னையாரின் இடக்கையிலே வைத்தார். பாதிச் சோறு மடியிற் சிந்தியது. என் மனைவியார் எடுக்கப் போனார், தாதியார் தடுத்தார். எனக்கு அது கொடுமையாகத் தோன்றிற்று. மறுவாரம் கால்வாசி சிந்தியது. இரண்டு மாதங்களில் ஒரு பருக்கையும் சிந்தவில்லை.

புண் ஆறுவதற்கு ஐந்து மாதங்கள் சென்றன. இரவிலே நானும் மனைவியாரும் மகனும் முறைவைத்து எழுந்தோம். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று நாட்குறிப்பில் எழுதி, எப்பக்கம் திருப்பினோம் என்பதையும் குறித்தோம். மகன் அப்பொழுது சாதாரணதர வகுப்பு மாணவன். நள்ளிரவிலே எழுந்து பாட்டியைத் திருப்பிவிட்டு, விழித்ததுதான் விழித்தோம் என்று சிறிது நேரம் படித்துவிட்டு உறங்குவான்.

அதன்பின் அன்னையார் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். நடக்கவில்லை. ஆயினும் சாளரத்தருகே நாற்காலியில் அமர்ந்து, மடியிற் சுளகு வைத்து, இடக்கையால் அரிசியிற் கல் பொறுக்குவார். ஐம்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த விரல்களல்லவா? இடக்கையும் விரைந்து கற்றுக்கொண்டது. கண்பார்வை மங்கியிருந்தமையால் சில நாட்களில் ஒரு கல் தப்பிவிடும். உண்ணும்போது எவர் பல்லிலாவது அது அகப்படும். ஒருவரும் முகம் காட்டமாட்டோம். அக்கல் அகப்பட்டால், இன்று நம் வீட்டிலே அம்மா வேலை செய்திருக்கிறார் என்பது பொருள். அந்தச் சுளகை அவரிடமிருந்து வாங்காதிருக்க எனக்குக் கற்பித்தவர்கள், பெயரறியாத பதுளைத் தாதியாரும், கையிழந்தோர்க்குக் கையை மீட்டளித்த வேலூர் அம்மையாருமே ஆவர்.

நோயுற்றவனை வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் முதலிலே வைத்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்பொழுது விளங்குகிறது. நோயாளி, சிகிச்சை செய்யப்படும் பொருளல்லன். சிகிச்சை செய்வோருள் தானும் ஒருவன். மேரி வர்கீஸ் அம்மையார் நோயாளராகக் கிடந்தார், மருத்துவராக எழுந்தார், பிறர் அருகிலிருந்து பணியும் செய்தார். வள்ளுவர் பிரித்துக் காட்டிய கூறுகளை ஒருவரே ஒரு வாழ்நாளில் வாழ்ந்து காட்டினார்.

இவ்வாண்டும் மருந்து அதிகாரம் கற்பித்தேன். இறுதிக் குறளை முதலில் எடுத்துக்கொண்டேன். பாடத்தின் நடுவே மாணாக்கர் இருவரை அழைத்து, மேசைமேற் படுத்த மூன்றாமவனை இழுக்காமல் எவ்வாறு புரட்டுவது என்று செய்து காட்டச் செய்தேன். வகுப்பிலே முதலிற் சிரிப்பு எழுந்தது. பிறகு பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, தன் பாட்டனார் லயத்திலே கிடக்கிறார் என்றும், குதிக்காலுக்குத் தலையணை எங்கே வைக்க வேண்டும் என்பதை மறுபடியும் காட்டும்படியும் கேட்டாள். மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. மீண்டும் காட்டினேன்.